கொரிய செயப்பாட்டுவினை: இ, ஹி, ரி, கி எதை எங்கே ஒட்டுவது?

கேள்வி:
டோபிக் 2 (கொரிய மொழித் திறன்) தேர்வுக்குப் படிக்கிறேன். கதவு திறப்பதற்கு ‘முனி யொல்லிதா’ சரியாம், ‘யொரொஜிதா’ வராதாம். ஆனால் மன்துல்தா (உருவாக்கு) மட்டும் ‘மன்துரொஜிதா’ என்று ஜிதாவோடு வருகிறது. யொல்தா, மன்துல்தா இரண்டிலும் வேர் ‘ல்’ ஒலியில்தானே முடிகிறது? இதற்கு விதி உண்டா, இல்லை பட்டியலை உருப்போட வேண்டியதுதானா? இன்னொன்று: போயிதா ஓரிடத்தில் “தெரிகிறது”, வேறிடத்தில் “காட்டு”. எப்படிப் பிரிப்பது?

பதில் 1:
பாதி விதி, பாதி உருப்போடுவதுதான். எந்த வினை இ, ஹி, ரி, கி என்னும் செயப்பாட்டு ஒட்டை ஏற்கும் என்பதற்கு விதி கிடையாது. மன்துல்தா ஏற்காது, ஜுதாவும் (கொடு) ஏற்காது. ஏற்கும் என்று தெரிந்துவிட்டால், எந்த ஒட்டு என்பதை வேரின் கடைசி ஒலி பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். ‘ல்’ என்றால் ரி: யொல்லிதா, பல்லிதா (விற்கப்படு). க், த், ப் என்றால் ஹி (முந்தைய ஒலியோடு கலந்து ஒலிக்கும்): மொக்கிதா (உண்ணப்படு), தச்சிதா (மூடப்படு), ஜப்பிதா (பிடிபடு). ன், ம் என்றால் கி: அன்கிதா (தழுவப்படு), கம்கிதா (சுற்றப்படு). உயிரில் முடிந்தால் இ: போயிதா. ‘ரு’வில் முடிபவை தனி ரகம், புருதா (கூப்பிடு) புல்லிதா ஆகும்.

ஹாதாவில் முடியும் சொற்களில் இவ்வளவு தொல்லை இல்லை. பெரும்பாலும் ஹாதாவை எடுத்துவிட்டு த்வேதா போட்டால் போதும்: ஷிஜக்ஹாதா (தொடங்கு), ஷிஜக்த்வேதா (தொடங்கப்படு).

அப்புறம், தச்சிதா (மூடப்படு) கேட்கும்போது “காயப்படு” என்னும் தச்சிதா மாதிரியே ஒலிக்கும். எழுத்துதான் வேறு. கேட்டல் பகுதியில் உஷார்.

பதில் 2:
போயிதாவுக்கு உருபைப் பாருங்கள். ‘சானி போயிதா’ என்றால் மலை தெரிகிறது. ‘சாஜினுல் போயிதா’ என்றால் புகைப்படத்தைக் காட்டு. உல் அல்லது ருல் (நம் ‘ஐ’ உருபு மாதிரி) வந்தால் பிறவினை, அவ்வளவுதான்.

பதில் 3:
போயிதாவுக்குச் சரி, எல்லா வினைக்கும் இதை நீட்டாதீர்கள். உடம்புக்கோ உடைமைக்கோ ஏதாவது ஆனால் செயப்பாட்டிலும் உல் வரும். சியோல் மெட்ரோ நெரிசலில் யாராவது காலை மிதித்தால் ‘பாருல் பல்ப்பிதா’. பல்ப்பிதா செயப்பாடு, பாருல் “காலை”.

நமக்கு இடறுவது இங்கேதான். நாம் “கொசு கடித்துவிட்டது” என்போம், அவர்களுக்கு ‘மோகிஹன்தே முல்லிதா’: கொசுவிடம் கடிபட்டேன். மறுபக்கம், முனி யொல்லிதாவை “திறக்கப்பட்டது” என்று இழுக்க வேண்டாம், “திறந்தது” போதும். நம் உடைத்தது, உடைந்தது ஜோடி மாதிரி வைத்துக்கொண்டால் பாதி வினைகள் பிடிபட்டுவிடும். எல்லாவற்றுக்கும் ‘படு’ போட்டுப் பார்ப்பதுதான் வம்பு.

கேள்வி கேட்டவர்:
நன்றி, கதவு இப்போது திறந்துவிட்டது! கடைசியாக ஒன்று: மறக்கப்படுவதற்கு ‘இச்சிதா’ என்கிறது அகராதி, காதில் விழுவதெல்லாம் ‘இச்யொஜிதா’. எது சரி?

பதில் 3:
இச்சிதாவே செயப்பாடு, அதன்மேல் ஜிதாவையும் ஏற்றினால் இரட்டைச் செயப்பாடு. பேச்சிலும் பாட்டிலும் சாதாரணமாக வரும், யாரும் திருத்த மாட்டார்கள். இலக்கணக்காரர்கள் பிழை என்பார்கள். தேர்வில் இச்சிதா என்றே எழுதுங்கள்.