கோடியக்காட்டில் பழைய ஓட்டு வீட்டில் குடியேறப் போகிறோம்: தண்ணீர், சுவர் ஓதம், குரங்கு, புயல், எதை முதலில் பார்ப்பது?

தெற்குவாசல்:
வணக்கம். வேலை வேதாரண்யத்தில். கோடியக்காட்டில் இருக்கும் தாத்தா காலத்து வீட்டைச் சரிசெய்து அம்மா, இரண்டு பிள்ளைகளோடு நிரந்தரமாகக் குடிபோக நினைக்கிறோம். செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்ட சுவர், பனை வாரைமேல் நாட்டு ஓடு, கூரைப் பரப்பு சுமார் 500 சதுர அடி. உள்சுவரில் நாலடி உயரத்துக்கு யாரோ சிமென்ட் பூசியிருக்கிறார்கள், அது உப்புப் பூத்துப் பொரிந்து கொட்டுகிறது. கொல்லையில் 3 அடி விட்டத்தில் உறை (வளையம்) இறக்கிய கிணறு, 14 அடி ஆழம். ஆழ்துளைக் கிணறு போடச் சொல்கிறார்கள், போடலாமா? ஒரு பசு, ஒரு நாய், கொஞ்சம் காய்கறித் தோட்டம் வைக்கவும் ஆசை. சரணாலயத்தை ஒட்டி இருப்பதால் எதெல்லாம் கூடாது?

நன்னீர்:
ஆழ்துளை வேண்டவே வேண்டாம், சார். கோடியக்காடு இருக்கும் மணல்மேட்டில் மழைத்தண்ணீர் தனிப் படலமாக உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓர் அடி நின்றால் கீழே சுமார் 40 அடி வரை உப்புநீரை அழுத்தி வைத்திருக்கும். இதையே திருப்பிப் பாருங்கள்: இறைத்து இறைத்து மேல்மட்டத்தை ஓர் அடி நிரந்தரமாகக் குறைத்தால் உப்புநீர் கீழிருந்து அதே கணக்கில் மேலேறி வரும். ஆழமாகத் துளைத்து வேகமாக உறிஞ்சினால் முதல் வருஷம் இனிக்கும், பிறகு கரிக்கும். உங்களுக்கு மட்டுமல்ல, பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும்தான்.

இருக்கும் உறைகிணறே நல்ல கிணறு. 3 அடி உறையில் ஓர் அடி உயரத் தண்ணீர் சுமார் 200 லிட்டர். ஒரே மூச்சில் அதற்கு மேல் இறைக்காமல், பழைய மட்டத்துக்கு ஊறிய பிறகு மறுபடி போடுங்கள். அரை எச்.பி. மோட்டார் போதும். உறிஞ்சு குழாயின் முனையில் வரும் ஃபுட் வால்வை அடிமட்டத்தில் போடாமல் கிணற்றின் அடியிலிருந்து இரண்டடி தூக்கித் தொங்கவிடுங்கள், மேல்தண்ணீர்தான் நல்ல தண்ணீர். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று கையில் இருக்கட்டும். குடிக்க லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை என்பது இந்தியத் தர நிர்ணய அளவு. வைகாசியில் ஒரு தடவை, மார்கழியில் ஒரு தடவை அளந்து எழுதி வையுங்கள். குளோரைடு, கிருமி இரண்டையும் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் ஒருமுறை பார்த்துவிடுவது அவசியம். கழிப்பறைக் குழி கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளியிருக்க வேண்டும், மணல் எதையும் வேகமாகக் கடத்தும்.

குடிக்க, சமைக்க மழைநீர் பிடியுங்கள். உங்கள் கூரையில் 1 செ.மீ. மழை பெய்தால் ஓடு குடித்தது, சிதறியது போக சுமார் 370 லிட்டர் கிடைக்கும். அங்கே ஐப்பசி, கார்த்திகையில்தான் பெருமழை, எனவே 5000 லிட்டர் தொட்டி நிறைவது பெரிய காரியமில்லை. ஆனால் ஓட்டின்மேல் காற்று கொண்டுவந்த உப்பும் குரங்கு எச்சமும் படிந்திருக்கும். முதல் 2 மி.மீ. மழை, அதாவது 90 லிட்டர் சொச்சம், தனி டிரம்மில் விழுந்து வெளியே போகிற மாதிரி குழாயைப் பிரியுங்கள். இதைச் செய்யாத தொட்டிகளில்தான் தண்ணீர் நாறுகிறது.

புயலில் கடல்தண்ணீர் கிணற்றில் புகுந்துவிட்டால் பதறி இறைத்துத் தள்ளாதீர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு பல இடங்களில் அப்படி இறைத்து அடியிலிருந்த உப்பையும் மேலே இழுத்துவிட்டார்கள். சேற்றை மட்டும் அள்ளிவிட்டு மழைக்கு விடுங்கள், மழைதான் கழுவும்.

கொத்துக்கரண்டி:
சுவர் விஷயம் சொல்றேன். உப்பு சிமென்ட்டுக்குள்ளிருந்து வரலை. தரையிலிருந்து ஓதம், அதாவது ஈரம், சுவர்ல ஏறும்போது உப்பையும் கரைச்சுக் கொண்டுவருது. சுண்ணாம்புப் பூச்சா இருந்தா ஈரம் வெளியே போயிடும், உப்பு பூச்சோட போயிடும். சிமென்ட் அந்த வழியை அடைக்குது. ஈரம் பூச்சுக்குப் பின்னாடி தேங்கி, உப்பு அங்கேயே படிகமாகி, செங்கல்லையே பொடியாக்குது. மேலே இன்னொரு கை சிமென்ட்டோ, வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட்டோ அடிச்சா நாலடியில நிக்கிற ஓதம் ஆறடிக்கு ஏறும், அவ்வளவுதான் பலன்.

சிமென்ட் பூச்சை ஓதக் கோட்டுக்கு மேல ஒன்றரை அடி வரைக்கும் உடைச்செடுங்க. மூட்டுகள்ல பொடியான சாந்தை முக்கால் அங்குலம் சுரண்டுங்க. உப்பைக் காய்ஞ்ச பிரஷ்ஷாலதான் தட்டணும், தண்ணி ஊத்திக் கழுவினா கரைஞ்சு திரும்பச் சுவருக்குள்ளயே போகும். தட்டின பொடியைக் கூட்டி வீட்டைவிட்டு வெளியே கொட்டிடுங்க. பிறகு பழைய செய்தித்தாளை நல்ல தண்ணியில ஊறவச்சுக் கூழாக்கி முக்கால் அங்குல கனத்துக்கு அப்புங்க. ரெண்டு மூணு வாரத்துல காயும்போது உப்பை இழுத்துக்கிட்டு பட்டையா உரிஞ்சு வரும். ரெண்டு தடவை செய்யணும். இதைச் சோம்பல்பட்டு விட்டா புதுப் பூச்சும் ஒரு மழைக்குள்ள பூத்துடும்.

பூச்சுக்கு நீற்றி ரெண்டு வாரமாவது ஊறின சுண்ணாம்பு 1, சலிச்ச ஆத்து மணல் இரண்டரை முதல் 3. அரை அங்குலத்துக்கு மேல ஒரு கை போகக்கூடாது, முதல் கை இறுகி ஒரு வாரம் கழிச்சுத்தான் ரெண்டாவது. கடுக்காய்த் தண்ணி, வெல்லத் தண்ணி சேர்க்கிற அளவை சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச கொத்தனாரிடமே விடுங்க, சிமென்ட் மட்டும் பழகினவரை இதுல இறக்காதீங்க. மேலே வெள்ளைச் சுண்ணாம்பு அடிச்சா போதும். வால் புட்டி, எமல்ஷன் எதுவும் வேண்டாம்.

வெளியே சுவரை ஒட்டி சிமென்ட் தளம் இருந்தா அதையும் பாருங்க. அது தரை ஈரத்தை நேரா சுவருக்குத் தள்ளும். ஒன்றரை அடி அகலத்துக்கு உடைச்சு ஜல்லி நிரப்பிடுங்க.

தெற்குவாசல்:
மிகவும் நன்றி. கடற்கரை மணல் பக்கத்திலேயே கிடைக்கிறதே, அலசிவிட்டுப் பயன்படுத்தலாமா? பூச்சு நனைக்கக் கிணற்றுத் தண்ணீர் ஆகுமா?

கொத்துக்கரண்டி:
மணல் கூடாது. எவ்வளவு அலசினாலும் உப்பு முழுசாப் போனதான்னு வீட்டுல தெரிஞ்சுக்க வழியில்லை, கரையிலிருந்து மணல் அள்ளுறதுக்கு அனுமதியும் இல்லை. தண்ணி மீட்டர்ல 500க்குள்ள இருந்தா தாராளமா நனைக்கலாம். கரிப்பா இருந்தா மழைத்தண்ணியைச் சேர்த்து வச்சு, ஈரச் சாக்கு தொங்கவிட்டு நனைங்க. தை, மாசியில தொடங்கினா நல்லது. கோடை வெயில்ல சுண்ணாம்பு வேகமாக் காய்ஞ்சு வெடிப்பு விடும்.

பாலைமரத்தடி:
காடு சம்பந்தமாகச் சிலவற்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கோடியக்கரைக் காடு 1967இல் சரணாலயமானது, 2002இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. வெளிமான் வனவிலங்குச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் இருக்கிறது.

நாய் வளர்த்தால் இரவும் பகலும் கட்டியே வையுங்கள், தடுப்பூசியும் கருத்தடையும் செய்துவிடுங்கள். வெளிமான் குட்டி ஈன்றதும் புல்லுக்குள் படுக்கவைத்துவிட்டுப் போகும். ஊர் நாய் ஒன்று மோப்பம் பிடித்தால் குட்டி தப்பாது. அடிபட்ட மானைக் கண்டால் துரத்திப் பிடிக்காதீர்கள், தூக்கி மடியில் வைத்துத் தண்ணீரும் ஊற்றாதீர்கள். துரத்தப்பட்ட அதிர்ச்சியிலேயே தசை செயலிழந்து செத்துப்போகும். தூர நின்று வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.

பசுவைக் கட்டுத்தறியில் வைத்து வளர்க்க முடிந்தால் மட்டும் வாங்குங்கள். காட்டில் மேயவிட்டால் மானுக்கும் மட்டக்குதிரைக்கும் உள்ள புல்தான் குறையும். இன்னொன்று, பசு சீமைக்கருவேலக் காயைத் தின்று சாணத்தில் விதையைப் பரப்பும். அந்த மரம் ஏறிய இடத்தில் புல்வெளி போய்விடுகிறது, வெளிமானுக்குத் திறந்த வெளிதான் உயிர். உங்கள் கொல்லையில் கன்று முளைத்தால் மழை ஈரத்திலேயே வேரோடு பிடுங்குங்கள். வளர்ந்துவிட்டால் தரைமட்டத்தில் வெட்டிப் பயனில்லை, ஓர் அடி தோண்டி அடிக்கட்டையோடு எடுத்தால்தான் துளிர்க்காது. கோமாரித் தடுப்பூசி ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறக்கூடாது.

தோட்டத்துக்குக் காட்டுப்பன்றிதான் பெரிய தொல்லை. நாலடிக் கம்பிவலையில் ஓர் அடியை மண்ணுக்குள் புதைத்து, வெளிப்பக்கமாக மடக்கிவிடுங்கள், முட்டித் தோண்ட முடியாது. மின்கம்பியிலிருந்து இழுத்து வேலிக்கு மின்சாரம் கொடுப்பது குற்றம், ஆளையும் கொல்லும். குரங்குக்கு ஒரு வாழைப்பழம்கூடக் கொடுக்காதீர்கள், பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள். கொடுத்துப் பழகிய வீட்டுச் சமையலறைக்கு அது வராமல் இருக்காது. விறகு, தேன், பாலைப்பழம் எதுவானாலும் காட்டுக்குள்ளிருந்து எடுத்துவராதீர்கள்.

தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி கடலாமைகள்) கரையேறி முட்டையிடும். அந்த மாதங்களில் இரவில் கோடியக்கரைக் கடற்கரைக்குப் போனால் டார்ச் அடிக்க வேண்டாம். குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கி நகர்பவை, வழி தப்பினால் கடலைச் சேராது. முட்டைக் குழி கண்ணில் பட்டால் தொடாமல் வனத்துறையிடம் சொல்லுங்கள், பொரிப்பகத்துக்கு எடுத்துப்போவார்கள்.

வாடைக்காற்று:
கூரையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியது நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில்தான், எனவே அடுத்த புயல் வரும் என்று வைத்தே கட்டுங்கள்.

காற்று முதலில் கிளப்புவது கூரையின் கீழ்விளிம்பான எரவாணத்தையும் உச்சியான முகட்டையும். எரவாணம் சுவருக்கு வெளியே ஒன்றரை அடிக்கு மேல் நீள வேண்டாம். எரவாணத்திலிருந்து மூன்று வரிசை, முகடு, இரண்டு பக்க ஓரம், இவற்றைச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்துவிடுங்கள். நடுவில் நாலடிக்கு ஒரு சாந்துப் பட்டை. வாரையைச் சுவர்மேல் கிடக்கும் கட்டையோடு ஆணியால் மட்டும் அடித்தால் உருவிக்கொண்டு போகும், ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பட்டையைச் சுற்றி முறுக்கிக் கட்ட வேண்டும். சாதா இரும்பு அங்கே சீக்கிரம் துருப்பிடிக்கும். கீல், தாழ்ப்பாளுக்குப் பித்தளை. எவர்சில்வர் திருகு வாங்கினால் 316 என்று கேட்டு வாங்குங்கள், 304 உப்புக்காற்றில் கறைபிடிக்கும்.

குரங்கு ஓடிய ஓடு நகர்ந்திருக்கும். கூரைக்குப் பத்தடிக்குள் நீளும் கிளைகளை உங்கள் மனை மரத்தில் மட்டும் கழித்துவிட்டு, புரட்டாசியில் ஒருமுறை ஓடு மாற்றிவிடுங்கள். காற்று அடிக்கும்போது காற்று வரும் பக்கத்துக் கதவு, ஜன்னல் திறந்துவிடக் கூடாது, உள்ளே புகுந்த காற்றுதான் கூரையைத் தூக்கும். உள்பக்கம் குறுக்குக் கட்டை போட ஜி.ஐ. கொக்கி அடித்து வையுங்கள். கஜாவுக்குப் பிறகு கரண்ட் வர வாரக்கணக்கில் ஆன ஊர்கள் உண்டு, ஆகவே கிணற்றில் கப்பியும் கயிறும் கட்டாயம் இருக்கட்டும்.

நன்னீர்:
ஒன்று விட்டுப்போயிற்று. வீடு உயர் அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் வருமானால் கடலோர ஒழுங்குமுறை விதியின் கட்டுமானத் தடை பொருந்தும்: பொதுவாக, அதே அடித்தளப் பரப்பில் பழுது பார்க்கலாம், பரப்பைக் கூட்ட முடியாது. ஊராட்சியிலும் வனச்சரகத்திலும் எழுத்தில் கேட்டுவிட்டு ஓட்டில் கை வையுங்கள்.

சாமான் ஏற்றிவரும் லாரியை ஆடி அமாவாசை, தை அமாவாசையை ஒட்டி வைக்காதீர்கள், ஆதிசேதுவில் முழுக வரும் கூட்டத்தால் வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை வரை சாலை நகராது. ஐப்பசி முதல் மாசி வரை வெளியூர் மீனவர்கள் கரையில் குடிசை போட்டுத் தங்கும் காலம், மீன் லாரியும் ஐஸ் வண்டியும் ஓடும். கொத்தனார், தச்சர் கிடைப்பதும் அப்போது கஷ்டமாக இருக்கலாம், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.