மறு: வாய்க்கால் வறண்டு கிடக்கும் படம்

ஊரார் அனைவருக்கும் வணக்கம்.

துபாய்த் தம்பி அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டுக் குழுவில் ஒரே ஒப்பாரி. "காலிங்கராயன் வாய்க்கால் செத்துப்போய்விட்டது" என்றுகூட, நம் ஈரோட்டுப் பக்கத்துப் பாசன வாய்க்காலைப் பற்றி ஒருவர் எழுதிவிட்டார். சாகவில்லை ஐயா, அடைத்திருக்கிறார்கள். கோடையில் தண்ணீரை நிறுத்தி, மதகுகளைப் பழுதுபார்த்து, வண்டல் அள்ளி, பெரும்பாலும் ஜூன் நடுவில் மறுபடி திறப்பார்கள். நாம் பிள்ளைகளோடு ஊருக்குப் போவதே மே மாதத்தில் என்பதால் வருடா வருடம் இதே படம் வந்து சேருகிறது. தைப் பொங்கலுக்குப் போய்வந்த சிங்கப்பூர் மாமாவைக் கேளுங்கள், வேறு கதை சொல்வார்.

பவானி ஆற்றிலிருந்து அணைக்கட்டில் பிரிந்து கொடுமுடிக்கு அருகே நொய்யலில் சேரும்வரை ஏறத்தாழ 90 கிலோமீட்டர். நேராக வெட்டியிருந்தால் பாதி வழியிலேயே வேலை முடிந்திருக்கும். பாம்பு போன தடத்தில் வெட்டியதால்தான் இத்தனை வளைவு என்று நம் ஆத்தாமார்கள் சொன்ன கதையை நான் மறுக்கப்போவதில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: மேட்டின் ஓரத்தையே பிடித்துக்கொண்டு, சரிவு அதிகமில்லாமல் போனால்தான் கீழே இருக்கும் வயலுக்கெல்லாம் தண்ணீர் தானாகப் பாயும். நிதானமாகப் போகும் தண்ணீர் கிணறுகளுக்கும் கசிந்து ஊறும். 1271இல் தொடங்கி 1283இல் முடித்தார்கள் என்பார்கள். நிலமட்டம் பார்க்க இன்றைய கருவி எதுவும் இல்லாத காலம்! 1955இல் பவானிசாகர் அணை வந்த பிறகும், தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களோடு நம் வாய்க்காலுக்கும் பழைய பாசன உரிமை நிலைத்தது. இன்றும் 15,743 ஏக்கர் இதை நம்பியிருக்கிறது. மஞ்சள், கரும்பு, நெல், வாழை என்று நம்மைப் படிக்கவைத்து விமானம் ஏற்றியதும் அந்த வயல்கள்தான்.

படத்தில் தண்ணீர் இல்லாததைப் பார்த்து அழுதீர்கள். அந்தப் படித்துறையின் கடைசிப் படியைப் பெரிதாக்கிப் பாருங்கள். இரும்பு வளையத்தில் ஒரு பழைய சேலை சுற்றி இறுகிக் கிடக்கிறது. அதில் மருந்து அட்டைகள், தெர்மாகோல், பால் பாக்கெட்டுகள். அடியில் இருக்கும் சேறு கன்னங்கரேல் என்றிருக்கிறது. வண்டலுக்கு அந்த நிறம் கிடையாது. ஈரோட்டுப் பக்கத்துச் சாய, தோல் கழிவுகளைத் தனியாகக் கொண்டுபோக வாய்க்காலை ஒட்டியே பேபி கால்வாய் கட்டினார்கள். அதற்குப் பிறகும் நமக்கு வந்துசேருவது இதுதான். அழுவதென்றால் இதற்கு அழலாம்.

சரி, வேலைக்கு வருகிறேன். பெரிய வாய்க்காலைத் தூர்வாருவது அரசின் பொறுப்பு, அதில் நாம் தலையிட வேண்டாம். மதகிலிருந்து வயலுக்குப் போகும் கிளை வாய்க்கால்தான் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கிறது. முன்பெல்லாம் பாசனக்காரர்களே வீட்டுக்கு ஓர் ஆள் என்று மண்வெட்டியோடு இறங்குவார்கள். இப்போது இருப்பதெல்லாம் நம் அப்பா அம்மா வயதுக்காரர்கள். இறங்கவேண்டிய ஆள்களெல்லாம் இந்த மடற்குழுவில் இருக்கிறோம். தலைமடையில் கோரைப்புல் மண்டியிருப்பதால் கடைசி வயல்கள் இருக்கும் கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேருவதற்குள் தண்ணீர் விடும் முறை முடிந்துவிடுகிறது.

ஆகவே என் யோசனை: ஊர் நுழைவு வளைவுக்கென்று ஒதுக்கிவைத்த பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, திறப்பதற்கு முன்பே கிளை வாய்க்காலையும் படித்துறையையும் சுத்தம் செய்துவிடலாம். வளைவை ஐப்பசியிலும் கட்டலாம், கார்த்திகையிலும் கட்டலாம். வாய்க்காலில் கால் வைக்க இந்தச் சில வாரங்கள்தான் கிடைக்கும்.

ஆட்சேபணை இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதிவிடுங்கள். கடைமடை மாமாவிடம் பேசிவிட்டேன். ஆள்களை அவர் பார்த்துக்கொள்வார், கூலிக் கணக்கை வாராவாரம் குழுவுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.