கீழக்கரை ரோட்டில் சைக்கிள் பிள்ளைகளும் தார் விளிம்பும்

கீழக்கரையிலிருந்து ஏர்வாடி, சாயல்குடி பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலையில் போனவர்களுக்குத் தெரியும், பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக சைக்கிளில் வருவார்கள். பெரும்பாலும் அரசு கொடுத்த விலையில்லா சைக்கிள். 2001-02இல் பட்டியலின மாணவிகளுக்கென்று தொடங்கி, பிறகு அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் ஒன் பிள்ளைகள் எல்லோருக்கும் விரிந்த நல்ல திட்டம். ஆனால் அந்தச் சைக்கிளை ஓட்ட ரோட்டில் இடம் எங்கே?

புதுத் தார் போடும்போதெல்லாம் ரோடு உயர்கிறது, ஓரத்து மண் அப்படியே கிடக்கிறது. சில இடங்களில் ஒரு சாண் இறக்கம். அதைத் தாண்டினால் சீமைக் கருவேலம். பின்னால் டூரிஸ்ட் வேன் ஹாரன் அடித்தால் பிள்ளை எங்கே ஒதுங்கும்?

போன மாதம் ஒரு பிளஸ் ஒன் மாணவி என் கண்முன்னால் விழுந்தாள். ஒதுங்கியவள் மறுபடி ரோட்டில் ஏறப் பார்த்தாள். முன்சக்கரம் தார் விளிம்பை உரசி, ஹேண்டில்பார் திரும்பிவிட்டது. பின்னால் வந்த மீன் வண்டிக்காரர் பிரேக்கை அழுத்தியதால் பிழைத்தாள். முழங்கையில் தோல் உரிந்திருக்க, அவள் செயின் கழன்றதா என்றுதான் பார்த்தாள். கூடையோடு நடந்து வந்த ஆச்சி ஒருவர் காயத்தைக் கழுவிவிட்டு, "நாங்க முள்ளுக்குள்ளயே நடந்து பழகிட்டோம். நீ என்னாத்தா பண்ணுவ" என்றார். எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது.

கிராம சபையில் கேட்டேன். அது நெடுஞ்சாலை ரோடு என்றார்கள். சரி என்று நெடுஞ்சாலைத் துறையிடம் போனால், நடப்பவர்களுக்கென்று தனி நிதி இல்லை என்றார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை. நல்ல நடைபாதை அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையில் அடங்கும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. சாலைத் தரத்தைக் கடைப்பிடிக்காமல் உயிரோ உறுப்போ போனால், பொறுப்பான அதிகாரிக்கும் ஒப்பந்ததாரருக்கும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 198ஏ பிரிவு. சாலைகளுக்குத் தரம் வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு நடைபாதைக்குக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் சொல்கிறது.

நாங்கள் அவ்வளவுகூடக் கேட்கவில்லை. தார் போடும் டெண்டரிலேயே ஓரத்துக்கு மண் அணைப்பதையும் முள் வெட்டுவதையும் சேர்க்கட்டும், பள்ளிக்கூடம் இருக்கும் ஊர்களில் முதலில் செய்யட்டும். ஆட்சியர் தலைமையிலான மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு மனு தயாராகிறது. தொண்டி, தேவிபட்டினம் பக்கம் இருப்பவர்கள் விளிம்பு இறக்கத்தை டேப் வைத்து அளந்து, படத்தோடு எந்த இடம் என்றும் எழுதுங்கள், சேர்த்துக்கொள்கிறோம்.