ஒருத்தருக்கும் காட்ட ஏலாத படங்கள்: கொழும்பில பின்-அப் ஸ்டூடியோ நடத்தின அனுபவம்

வெள்ளவத்தைக் கமராக்காரி:

"அக்கா, நானும் அப்பிடி ஒரு ஸ்டூடியோ தொடங்கலாமோ?" எண்டு கன பேர் கேக்கினம். தனித்தனியாப் பதில் எழுதிக் களைச்சுப்போனன். எனக்கு நடந்ததை இங்கயே சொல்லுறன். உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கோ.

9 வருசம் கலியாண வீடும் சாமத்திய வீடும் எடுத்தவள் நான். அங்க பொம்பிளை அம்மா சொல்லுறபடி நிப்பா, மாமி சொல்லுறபடி சிரிப்பா. தனக்கெண்டு ஒரு படம் வேணுமெண்டு ஒருத்தியும் வந்து கேட்டதில்லை. அதாலதான் இந்தப் பக்கம் வந்தன்.

பின்-அப் எண்டா சுவரில ஊசியால குத்தி வைக்கிற படம், அவ்வளவுதான். 1943இல பெற்றி கிரேபிள் நீச்சல் உடுப்போட முதுகைக் காட்டி, தோளுக்கு மேலால திரும்பிப் பாக்கிற படத்தை அமெரிக்கப் பட்டாளக்காரர் போன இடமெல்லாம் கொண்டு திரிஞ்சவை. கில் எல்வ்கிரன் எண்ட ஓவியர் கலண்டருக்கு வரைஞ்சதில பெட்டையள் நாய்க்கயித்தில சிக்குப்பட்டு, பாவாடை எங்கயோ கொளுவி, வாயைத் திறந்து "ஐயோ" எண்டு நிப்பினம். அவர் முதல்ல மொடலைக் கமராவில எடுத்து, அதைப் பாத்துத்தான் வரைஞ்சவர். எனக்குப் பிடிச்சது அந்த "ஐயோ" முகம். உடுப்புக் குறைவு எண்டது எனக்குப் பெரிசில்லை. இதைக் கொழும்பில விளங்கப்படுத்திறதுதான் பெரும்பாடு.

2022 தையில தொடங்கினன். அதைவிடக் கெட்ட முகூர்த்தம் ஒருத்தருக்கும் கிடைச்சிராது. காலி வீதியில இருந்து கடற்கரைப் பக்கம் இறங்கிற ஒழுங்கை, தையல் கடைக்கு மேல ஒரு அறை. 10 அடிக்கு 14 அடி. கீ மணி எண்ட முற்பணம் குடுத்து, சுவருக்கு வர்ணம் பூசி முடிக்க மாசி. அதோட நாட்டில பொருளாதார நெருக்கடி, கரண்ட் வெட்டு. பங்குனிக் கடைசியில நாளுக்கு 13 மணித்தியாலம் இருட்டு. 200 ரூபாவில நிண்ட டொலர் 360ஐத் தாண்டிச்சுது, நான் விலை கேட்டு வைச்ச பெரிய லைற் இரண்டும் கனவாப் போச்சு. கையில இருந்தது கலியாண வீட்டுக்குக் கொண்டுபோற, பற்றறி போடுற சின்ன பிளாஷ் இரண்டு. அதைத்தான் வைச்சுச் செய்தன். இப்பவும் அதுதான்.

உண்மையில அதுவே காணும். ஒரு பிளாஷை முகத்துக்கு நேர மேல உயர்த்தி, வெள்ளைக் குடைக்குள்ளால விட்டா, மூக்குக்குக் கீழ வண்ணாத்திப்பூச்சி மாதிரிச் சின்ன நிழல் விழும். பழைய ஹொலிவூட் படங்களில பாக்கிற வெளிச்சம் அதுதான். கீழ மடியில ஒரு வெள்ளை ரெஜிபோம் (தெர்மோகோல்) பலகையை வைச்சா நாடிக்குக் கீழ இருக்கிற இருட்டு மறையும். 40 வயசுக்கு மேல வாறவைக்கு அந்தப் பலகைதான் தெய்வம்.

அறை காணாது எண்டது பிறகுதான் தெரிஞ்சுது. 85 மில்லிமீற்றர் லென்ஸில தலை முதல் கால் வரை எடுக்க 15 அடிக்கு மேல பின்னுக்குப் போகவேணும். எனக்கிருந்தது மொத்தமே 14 அடி. 50க்கு மாறினன். கமராவை இடுப்பளவுக்கு இறக்கினாத்தான் கால் நீளமாத் தெரியும். கண் மட்டத்தில வைச்சா எல்லாரும் கட்டையாப் போவினம். இன்னொண்டு, கடற்கரைக் கோச்சி, அதுதான் ரெயில், போகேக்க கட்டிடமே நடுங்கும். பிளாஷ் அடிக்கேக்க பிரச்சினையில்லை, யன்னல் வெளிச்சத்தில எடுத்தா படம் கலங்கும். என்ர ஸ்டூடியோவில "கோச்சி போகட்டும், பொறுங்கோ" எண்டு ஒரு நாளைக்குப் பத்துத் தரமாவது சொல்லுவன். உப்புக்காத்தில ஸ்டாண்ட் துருப்பிடிக்கும், லென்ஸுக்குள்ள பூஞ்சணம் பிடிக்கும். ஒரு நல்ல லென்ஸ் அப்பிடியே போச்சு. இப்ப ரப்பர் மூடி இருக்கிற அரிசிப் பெட்டிக்குள்ள சிலிக்கா ஜெல் பைக்கற்றுகளோட வைக்கிறன்.

22 வயசுப் பெட்டையள் வருவினம் எண்டு நினைச்சுத்தான் எல்லாம் வாங்கினன். முதல்ல ஏறி வந்தவ 54 வயசு, பென்சன் எடுத்தவ. கைப்பையை மடியில இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு கேட்டா, "பிள்ளை, இந்தப் படம் ஆரிட்டைப் போகும்?"

அந்தக் கேள்விக்கு என்னட்டைப் பதில் இருக்கேல்லை.

கொட்டாஞ்சேனை மேக்கப்:

அக்கா, நானும் இந்த மாதிரி ஷூட்டுக்குப் போறவ. மேக்கப் பக்கத்தைச் சொல்றேன். பின்-அப்னா சிவப்பு லிப்ஸ்டிக்தான்னு எல்லாரும் ஓடி வர்றாங்க. வெள்ளைக்காரிக்கு வச்ச சிவப்பு நம்ம தோலுக்கு ஆரஞ்சாத் தெரியும். கொஞ்சம் நீலம் கலந்த சிவப்பு, இல்லாட்டி செங்கல் நிறம், அதுதான் எடுக்கும். பவுண்டேஷன் ஒரு ஷேட் வெள்ளையாப் போட்டா பிளாஷ்ல முகம் சாம்பல் பூசின மாதிரி வரும், கழுத்து வேற நிறம். "கொஞ்சம் கலராக் காட்டுங்க"ன்னு கெஞ்சுவாங்க. மாட்டேன்னு சொல்லுவேன். ஒருத்தங்க கோவிச்சுக்கிட்டு எழும்பியே போயிட்டாங்க. போகட்டும்.

முடிதான் பெரிய கத. முன்னுக்கு ரெண்டு பக்கமும் சுருட்டி ஏத்துறாங்களே, 40கள்ல வந்த விக்டரி ரோல், அதுக்கு முடி காஞ்சு இருக்கணும். ரெண்டு நாளைக்கு எண்ணெ வைக்காதீங்கன்னு போன்ல சொல்லி, முதல் நாள் ராத்திரி மெசேஜும் போடுவேன். ஒரு அம்மா நல்ல காரியத்துக்குப் போறோமேன்னு தலை நிறைய தேங்கா எண்ணெ வச்சு, வழிச்சுச் சீவிட்டு வந்து நிக்கிறாங்க. ரெண்டு தடவை ஷாம்பு போட்டும் ரோல் நிக்கல. கடைசியில பூப்போட்ட ஸ்காப்பைத் தலையில கட்டி, முன்னால முடிச்சுப் போட்டு விட்டேன். ரெண்டாம் உலக யுத்த காலத்துல பேக்டரில வேலை செஞ்ச பொம்பளைங்க அப்படித்தானே கட்டினாங்க! அன்னைக்கு எடுத்ததுல அந்தப் படம்தான் எனக்குப் புடிச்சது.

ஏசி இல்லாத ரூம்னா என்னைக் கூப்பிடாதீங்க. இத ஒருத்தரும் கோவிச்சுக்க வேணாம்.

தெஹிவளை வாசகி:

படம் எடுக்கப் போனவளாக எழுதுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்பு, பெயர் சொல்ல விரும்பாத ஓர் இடத்தில் பழைய காலத்து பாணியில் படம் எடுத்தேன். முழங்காலுக்குக் கீழே வரும் புள்ளிச் சட்டை, கையில் குடை. அதில் ஒளிக்க ஒன்றுமே இல்லை. மூன்றாம் நாள் அலுவலகத்தில் ஒருத்தி தன் போனை நீட்டி, "இது நீங்கள்தானே?" என்றாள். அவர்களுடைய பக்கத்தில் என் படம், கீழே தெரியாத ஆட்களின் இதயக் குறிகள். கேட்டபோது, "நல்ல படம் மெடம், நீங்கள் சந்தோசப்படுவீர்கள் என்று நினைத்தோம்" என்றார்கள். எடுத்துவிட்டார்கள். ஆனால் அந்த ஒரு வாரம் நான் அலுவலகத்தில் நிமிர்ந்து நடக்கவில்லை. படத்தில் தப்பில்லை, சட்டையில் தப்பில்லை. என்னைக் கேட்கவில்லை, அதுதான்.

இப்போது எங்கே போனாலும் முதலில் அதைத்தான் கேட்பேன். விலை பிறகு.

கொட்டாஞ்சேனைப் பழைய ஸ்டூடியோ:

என் அப்பா 30 வருடத்துக்கு மேல் ஸ்டூடியோ நடத்தியவர். வண்ணம் தீட்டிய திரை, அதில் மாடிப்படியும் பூச்சாடியும். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு அம்மா பஞ்சில் வர்ணம் தொட்டுக் கன்னத்துக்குச் சிவப்புப் பூசுவார். நெகட்டிவை வெளிச்சப் பெட்டியில் வைத்து, கூராகச் சீவிய பென்சிலால் பருத் தழும்பை மறைப்பார்கள். இன்று போனில் விரல் வைத்தால் நடக்கிற காரியத்துக்கு அன்று அரை நாள்.

படம் யார் கண்ணில் படும் என்ற கேள்வி புதிதில்லை. கலியாணம் பேசுவதற்காக ஒரு பிள்ளையை அப்பா படம் எடுத்தார். நன்றாக வந்துவிட்டது என்று பெரிதாக்கி முன் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார். அடுத்த வாரம் அந்தத் தாய் வந்து கடை வாசலில் நின்று அழுதார். மாப்பிள்ளை வீட்டார் பஸ்ஸில் போகும்போது பார்த்துவிட்டு, "தெருவில் வைத்த பெண்" என்றார்களாம். அப்பா படத்தைக் கழற்றி, சட்டத்தோடு அவர்கள் கையில் கொடுத்தார். பிறகு அந்தப் பெட்டியில் குழந்தைகளும் எங்கள் குடும்பமும்தான்.

ஒரு யோசனை, கோபிக்க வேண்டாம். பலகையில் "பின்-அப்" என்று எழுதாதீர்கள். தெரிந்தவருக்குத் தெரியும், தெரியாதவர் வேறொன்றை நினைத்துப் படியேறுவார்.

புதுக்கடைக் கறுப்புக்கோட்டு:

சுருக்கமாக. ஆபாசப் பிரசுரங்கள் பற்றி 1927ஆம் ஆண்டிலிருந்தே இங்கே கட்டளைச் சட்டம் உண்டு, அதை ஒருமுறை வாசித்துவிட்டுத் தொடங்குங்கள். சம்மதப் படிவம் வருகிறவர் வாசிக்கிற மொழியில் இருக்கட்டும். ஆங்கிலத்தில் நீட்டிக் கையெழுத்து வாங்கிவிட்டு, பிறகு "அவ கையெழுத்துப் போட்டவதானே" என்று வாதாட வராதீர்கள். 18 வயதுக்குக் கீழே என்றால் தாயே கூட்டிக்கொண்டு வந்தாலும் வேண்டாம்.

வெள்ளவத்தைக் கமராக்காரி:

பலகையைப் பற்றிப் பழைய ஸ்டூடியோ அண்ணை சொன்னது சரி, பட்டுத்தான் தெரிஞ்சுகொண்டன். முதல் மூண்டு மாசம் பலகையில "பின்-அப்" எண்டுதான் கிடந்தது. இரவு 11 மணிக்குப் போன் வரும். "மிஸ், மொடல் இருக்கா?" இன்னொருத்தர் பகலிலயே ஏறி வந்து, சுத்திப் பாத்திட்டு, ஐ.சி. (அடையாள அட்டை) படம் எடுக்கிறதோ எண்டு கேட்டார். ஏமாற்றத்தை மறைக்கப் பாவம் அவருக்கு வேற வழியில்லை. எடுத்துக் குடுத்தன், காசும் வாங்கினன். அடுத்த நாள் பலகையை "பழைய காலப் படங்கள்" எண்டு மாத்தினன்.

இனித்தான் உண்மையான சிக்கல். வந்தவையில முக்கால்வாசிப் பேர் படத்தை வெளியில போட வேண்டாம் எண்டினம். அந்த 54 வயசு அக்கா பிரிண்ட் எடுத்து, கடித உறையில போட்டு ஒட்டி, தன்ர கண்ணுக்கு முன்னால கமராவின்ர மெமரி கார்ட்டையும் அழிக்கச் சொன்னா. அழிச்சன். என்ர வாழ்க்கையில எடுத்த ஆகத் திறமான படங்களில ஒண்டு அது. கோல்பேஸ் கடற்கரைக் காத்தில குடை மறுபக்கம் புரண்டு அவ "ஐயோ" எண்டுற மாதிரி. காத்துக்கு மேசை விசிறி, கடலுக்கு நான் பூசின பச்சைச் சுவர். அது என்னட்டை இல்லை. சொன்னா ஆர் நம்புவினம்? சாப்பாட்டுக் கடைக்காரன் சோத்துக்குப் படம் போடுவான், நான் எதைப் போட?

சோயி மோசர்ட் எண்டு ஒரு பின்-அப் ஓவியை இருந்தவ. கண்ணாடியை வைச்சுத் தன்னையே மொடலாக்கி வரைஞ்சவ. பனி யேகர் (Bunny Yeager) எண்டவவும் முதல்ல மொடல், பிறகுதான் கமராவுக்குப் பின்னால போனவ, உடுப்பும் தானே தைச்சவ. அதை வாசிச்ச அண்டு, நானும் ஆளுயரக் கண்ணாடி ஒண்டை கமராவுக்குப் பக்கத்தில சாத்தி, டைமரைப் போட்டு என்னையே எடுத்தன். எனக்கு 38 வயசு, இரண்டு பிள்ளை, சிசேரியன் வயிறு. கால் மிதிக்கிற தையல் மெசினில பாவாடை விளிம்பு மாட்டுப்பட்ட மாதிரி ஒண்டு, தேங்காய் திருவேக்க போன் அடிக்கிற மாதிரி ஒண்டு. இப்ப படியேறி வாற சுவரில தொங்கிறது முழுக்க நான்தான். அதைப் பாத்திட்டு வாறவை பயப்பிடுகினம் இல்லை. "நீங்களே நிண்டிருக்கிறியள்" எண்டு சிரிப்பினம். பேரம் பேசிறதும் குறைஞ்சிட்டுது, ஏனெண்டு விளங்கேல்லை.

படிவத்தில இப்ப மூண்டு கட்டம். சுவரில போடலாம், இணையத்தில போடலாம், ஒருத்தருக்கும் காட்ட ஏலாது. தமிழிலயும் சிங்களத்திலயும் இருக்கு. மூண்டாவது கட்டத்துக்குத்தான் கூடப் புள்ளடி. அதுக்குக் காசு கூட எடுக்கிறனோ எண்டு கேப்பினம். இல்லை.

ஒருத்தர், ஆறு மாசத்துக்கு முன்னால, மனுசிக்குப் பிறந்தநாள் பரிசு எண்டு முழுக் காசும் கட்டினார். அவ வந்தா, வெக்கப்பட்டா, பிறகு பேய்த்தனமாச் சிரிச்சா, நல்லா எடுத்தம். தெரிஞ்செடுத்த 6 படத்தையும் பிரிண்டா வாங்கிக்கொண்டு போனா. இரண்டு கிழமையால அவர் தனிய வந்து நிக்கிறார். "மிச்சம் எல்லாத்தையும் பென் டிரைவில தாங்கோ. காசு கட்டினது நான்தானே." நான் சொன்னன், படத்தில நிக்கிறவ வந்து கேட்டாத் தருவன் எண்டு. சத்தம் போட்டார். கீழ தையல் கடை அண்ணை அளவு நாடாவை கழுத்தில போட்டபடி படியில ஏறி வந்து நிண்டார், ஒண்டும் கதைக்கேல்லை. காசு கட்டினவர் போயிட்டார். அவவின்ர வீட்டில பிறகு என்ன நடந்ததோ தெரியாது. கன நாள் அது மனசில கிடந்தது. இப்ப பரிசு எண்டு ஆர் காசு கட்டினாலும் முதல்லயே இதை எழுதிக் காட்டித்தான் காசை வாங்கிறது.

கொட்டாஞ்சேனை மேக்கப்:

அக்கா சுவர்ல இருக்கற அந்தப் பாவாடை எப்படி அவ்வளவு விரிஞ்சு நிக்குது? உள்ள கம்பி வளையமா?

வெள்ளவத்தைக் கமராக்காரி:

கம்பியில்லை தங்கச்சி. கெய்சர் வீதியில கான்கான் எண்ட விறைப்பான வலைத்துணி வாங்கி மூண்டு அடுக்கு வைச்சுத் தைச்சது, தைச்சவ என்ர மாமி. முதல்ல நான் தைச்சது தொங்கிப்போச்சு. மாமி ஒரு நாள் ஸ்டூடியோவுக்கு வந்தா. சுவரில மருமகள் கெண்டைக்கால் தெரிய நிக்கிற படத்தைக் கிட்டப்போய்க் கண்ணாடியைத் தூக்கிப் பாத்தா. எனக்கு நெஞ்சு இடிச்சுது. "பாவாடைக்குக் கஞ்சி காணாது" எண்டா. அவ்வளவுதான் சொன்னா. அண்டு பின்னேரமே சவ்வரிசிக் கஞ்சி காய்ச்சினா.

சனிக்கிழமை காலமை வாங்கோவன், அளவு எழுதித் தாறன். வெள்ளிக்கிழமை வர வேண்டாம், அண்டைக்கு மொட்டை மாடியில பாவாடை எல்லாம் காயப் போட்டிருக்கும், நான் காகத்துக்குக் காவல்.