ஹம்பர்ஸ்டோனை மூடவைத்தது ஹேபரா, பழைய கொப்பரையா?

நிலவளவன்:
சிலியின் அட்டகாமா பாலையில் இருந்த நைட்ரேட் ஆலை ஊரான ஹம்பர்ஸ்டோன் 1960-இல் மூடப்பட்டதற்கு எல்லாரும் ஒரே காரணம் சொல்கிறார்கள்: 1913-இல் ஜெர்மனியில், காற்றின் நைட்ரஜனை உரமாக்க வழிசெய்த ஹேபர்-போஷ் ஆலை வந்தது, சிலி நைட்ரேட் படுத்தது. நான் ஏற்கமாட்டேன். கல்லைக் கொதிநீரில் போட்டு நைட்ரேட் எடுக்கும் ஷேங்க்ஸ் கொப்பரையை விடாமல் பிடித்துக்கொண்டதுதான் முதல் காரணம்.

உப்புக்கரைசல்:
அந்தக் கொப்பரையைக் குறைசொல்லாதீர்கள். 100 கிராம் நீரில் 20 டிகிரியில் 88 கிராம் சோடியம் நைட்ரேட் கரையும். 100 டிகிரியில் 180. சாப்பாட்டு உப்போ 36-லிருந்து 39-க்குத்தான் ஏறும். கொதிக்கவைத்துத் தெளியவிட்டு, அகலத் தொட்டியில் ஆறவைத்தால் பெரும்பாலும் நைட்ரேட்தான் படியும். மிஞ்சிய நீர் அடுத்த கொப்பரைக்கு. அயோடின் எடுப்பதும் அதிலிருந்தே.

நிலவளவன்:
கணக்கு சரி, கல்லைப் பாருங்கள். நைட்ரேட் இருக்கும் கல்லான காலிச்சேவைப் பொடித்தால் சேறாகி நீர் இறங்காது. பெரிதாக விட்டால் நடுவில் இருப்பது கரையாமல் சக்கையோடு போய்விடும். அதனால் செறிவான கல்லையே பொறுக்கினார்கள். 1926-இல் இன்னொரு நைட்ரேட் ஊரான மரியா எலெனாவில், அமெரிக்க முதலாளிகளான குகன்ஹைம் குடும்பத்தாரின் முறை வந்ததும், சுமார் 40 டிகிரி வெந்நீரிலேயே ஏழெட்டு சதவீத நைட்ரேட் உள்ள கல்லும் கட்டுப்படியானது. அங்கே இன்றும் ஆள் குடியிருக்கிறது.

உப்புக்கரைசல்:
அதே குகன்ஹைம் முன்னின்று 1931-இல் உருவாக்கிய கொசாச் என்ற நைட்ரேட் கம்பெனிகளின் கூட்டமைப்பு 1933-இலேயே கலைந்தது. புது முறை கையில் இருந்தும்! செயற்கை நைட்ரஜன் விலையை இறக்கியபின் எந்தக் கொப்பரை என்ன செய்யும்?

தேரிமணல்:
இருவரும் கொப்பரைக்குள் இறங்கியவர்களை விட்டுவிட்டீர்களே. கரைசலை வடித்ததும் தகிக்கும் சக்கைமேல் நின்று, மண்வெட்டியால் அடிக்கதவு வழியே தள்ள வேண்டும். நைட்ரேட் தொழிலாளர்களின் 1907 வேலைநிறுத்தக் கோரிக்கைகளில் ஒன்று, கொப்பரைகளுக்கு இரும்புக் கம்பி மூடி போட வேண்டும் என்பது. தவறி விழுந்து வெந்தவர்களுக்காக! கூலியாகத் தந்த டோக்கனை முழு மதிப்புக்கு மாற்றித் தரவும் கேட்டார்கள். டிசம்பர் 21-இல் இகிகே துறைமுக நகரின் பள்ளியில் கூடியிருந்தவர்களை ராணுவம் சுட்டது.

நிலவளவன்:
தேரிமணல், என் வாதத்துக்கும் அதுதான் அடிப்படை. சக்கை தள்ளும் கை மலிவாகக் கிடைத்தவரை முதலாளிக்கு முறையை மாற்றும் அவசரமே இல்லை. 1934-இல் புதுக் கம்பெனி வந்து ஊருக்கு ஹம்பர்ஸ்டோன் என்று பெயர் மாற்றியது, தியேட்டர் கட்டியது, கப்பல் இரும்புத் தகட்டில் நீச்சல் குளம் அமைத்தது. கொப்பரை முறையைத் தூக்கி எறியவில்லை.

உப்புக்கரைசல்:
தூக்கி எறிய முதல் போட வேண்டும். சரிந்த விலையில் போட்ட முதல் எப்போது திரும்பும்? அதற்குப் பதில் சொல்லுங்கள்.