வேட்டை வில்லை வீட்டிலேயே டியூன் பண்ணப் பழகுவது எப்படி? அம்பு இடப்பக்கமே போகிறது

தோவாளைப் பூக்காரன்:

வணக்கம். விடியற்காலை 3 மணிக்குப் பூச்சந்தைக்குப் போனால் வீடு திரும்ப 10 மணி ஆகும். அப்புறம் மதியச் சாப்பாடு வரை உள்ள நேரம்தான் எனக்கென்று இருப்பது. அதில்தான் நாலு மாதமாக வில் பழகுகிறேன்.

என்னுடையது கழற்றி மாட்டும் வேட்டை வகை ரிகர்வ் வில், அதாவது முனைகள் முன்பக்கம் வளைந்தது. நீளம் 62 அங்குலம். லிம்பில் (பிடிக்கு மேலும் கீழும் வளைகிற பகுதி) இழுவிசை 40 பவுண்டு என்று எழுதியிருக்கிறது. குறிபார்க்கும் சைட் இல்லை, அம்பைத் தாங்கும் ரெஸ்ட் இல்லை. பிடிக்கு மேலே உள்ள மரத் தட்டிலேயே அம்பை வைத்து எய்கிறேன். வேட்டைக்காக வாங்கவில்லை. மரப்பிடியின் அழகுக்காக ஆசைப்பட்டு வாங்கியது.

தென்னந்தோப்பில் பழைய துணி அடைத்த சாக்கைக் கட்டி, 18 மீட்டரில் நின்று எய்கிறேன். நான் வலக்கைக்காரன். எப்படி எய்தாலும் அம்பு ஒரு சாண் இடப்பக்கம் போய்க் குத்துகிறது. போகும்போதே மீன் வாலாட்டுகிற மாதிரி பின்பக்கம் ஆடுகிறது. நாண் விடும் சத்தம் பக்கத்து வீடு வரை கேட்கிறது. வில் வாங்கிய கடையில் கேட்டபோது 400 ஸ்பைன் (அம்பின் விறைப்பைச் சொல்லும் எண்) கார்பன் அம்பு 6 கொடுத்தார்கள், பிளாஸ்டிக் இறகு ஒட்டியது. "எல்லா வில்லுக்கும் இதுதான்" என்றார்கள்.

பக்கத்தில் சொல்லித்தர ஆள் இல்லை. எதை முதலில் பார்க்க வேண்டும்? வீட்டிலேயே பண்ண முடியுமா?

ஆரல்காற்று:

அண்ணே, நான் ஆரல்வாய்மொழி. முதலில் காற்றைப் பாருங்கள். இந்த ஆடியில் காலை 10 மணிக்கு மேல் நம்ம பக்கம் கணவாய்க் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். முப்பந்தலில் காற்றாலையைச் சுழற்றுகிற காற்று அம்பை மட்டும் விட்டுவிடுமா? எந்தத் திசை பார்த்து நிற்கிறீர்கள்?

இன்னொன்று. வில்லை எடுத்துக்கொண்டு மலைப்பக்கம் போய்விடாதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, நம் மாவட்டக் காடுகளில் பெரும்பகுதி சரணாலயமும் கூட. கையில் வில்லோடு நின்றால் பழகத்தான் வந்தேன் என்று சொல்லி யாரையும் நம்பவைக்க முடியாது.

தோவாளைப் பூக்காரன்:

வடக்குப் பார்த்து எய்கிறேன் தம்பி. மேற்கிலிருந்து வரும் காற்று என் இடப்பக்கத்தில் அடிக்கிறது. அம்பை வலப்பக்கம்தானே தள்ள வேண்டும்? அதையும் மீறி இடப்பக்கம் போகிறது.

குலசேகரம் பால்வெட்டு:

அண்ணாச்சி, நீங்கள் கடைசியாகச் சொன்ன அந்த ஒரு வரியில்தான் விஷயம் இருக்கிறது. காற்று வலப்பக்கம் தள்ளியும் அம்பு இடப்பக்கம் போகிறது என்றால் அம்பு உங்கள் வில்லுக்கு ரொம்ப விறைப்பு. நான் குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவன். வெட்டு முடிந்ததும் ரப்பர் மரங்களுக்கு நடுவில் எய்து பழகி 6 வருடம் ஆகிறது. எனக்கும் முதல் வருடம் முழுக்க இதே வியாதிதான். என் கை சரியில்லை என்று நினைத்து, தப்பான அம்புக்கு ஏற்ற மாதிரி கையைக் கோணலாக்கிப் பழகிவிட்டேன். அதைத் திருத்த இன்னொரு வருடம் போனது. அந்த நிலை உங்களுக்கு வரக்கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதல் வேலை, ஒரு நோட்டு வாங்குங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றியதை அளவோடு எழுதுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எதனால் சரியானது என்று கடைசிவரை தெரியாது.

வில்லை நாணேற்றி, நடுவில் நாணுக்கும் பிடியின் ஆழமான இடத்துக்கும் உள்ள இடைவெளியை அளங்கள். இதைத்தான் பிரேஸ் ஹைட் என்கிறார்கள். 62 அங்குல வில்லுக்குப் பொதுவாக ஏழரையிலிருந்து எட்டேகால் அங்குலம் வரை வரும். உங்கள் வில் போடும் சத்தத்தைக் கேட்டால் ஏழரைக்குக் கீழே இருக்கும் என்று தோன்றுகிறது. நாணைக் கழற்றி இன்னும் சில முறுக்கு ஏற்றினால் நாண் குறுகும், இடைவெளி கூடும். கால் கால் அங்குலமாக ஏற்றி, ஒவ்வொரு அளவிலும் ஆறு அம்பு எய்து காதால் கேளுங்கள். ஏதோ ஓர் இடத்தில் சத்தம் அடங்கி, கையில் வரும் அதிர்வும் குறையும். அதுதான் உங்கள் வில்லின் அளவு. நாணேற்றக் கயிற்று ஸ்ட்ரிங்கர் கட்டாயம் வேண்டும். காலுக்கிடையில் வைத்து வளைத்தால் லிம்ப் முறுக்கிக்கொள்ளும். அம்பு கோக்காமல் நாணை இழுத்து விடவே கூடாது. அம்புக்குப் போக வேண்டிய விசை லிம்பிலேயே இறங்கி அதை உடைத்துவிடும்.

அடுத்து, அம்பு கோக்கும் இடம். ஆசாரியிடம் உள்ள மூலமட்டம் போதும். ‘ட’ வடிவில் உள்ள அந்த மட்டத்தின் ஒரு கையை நாணோடு ஒட்டி, அதன் இன்னொரு கையை அம்பு உட்காரும் தட்டின் மேல் வைத்தால் நேர்மட்டம் கிடைக்கும். அம்பின் பின்முனை அதற்கு அரை அங்குலத்துக்குச் சற்று மேலே இருக்கும்படி, அங்கே தையல் நூலால் சின்ன முடிச்சுச் சுற்றுங்கள். மேலேயிருந்து ஆரம்பித்துக் கீழே இறக்கிக்கொண்டு வாருங்கள். கீழேயிருந்து ஆரம்பித்தால் அம்பு தட்டில் மோதித் துள்ளி, மேலே இருக்கிற மாதிரியே பொய் காட்டும். இந்த ஒன்றில் எனக்கு ஒரு மாதம் வீணானது.

பிளாஸ்டிக் இறகு உங்களுக்கு ஆகாது. தட்டின் மேல் உரசிப் போகும் வில்லுக்குப் பறவை இறகுதான் வேண்டும், அது மடங்கிக்கொடுக்கும். பிளாஸ்டிக் மரத்தில் மோதி அம்பின் வாலைத் தள்ளிவிடும். நீங்கள் பார்க்கும் வாலாட்டத்தில் பாதி இதனால் என்று சொல்வேன். நிறம் மாறிய இறகு வில்லுக்கு வெளிப்பக்கம் பார்த்து நிற்கட்டும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் இறகில்லாத அம்பு. இரண்டு அம்பில் இறகைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். 10 மீட்டரில் இறகுள்ளது மூன்று, இறகில்லாதது இரண்டு எய்யுங்கள். இறகு அம்பின் தப்பைத் திருத்திவிடும். இறகில்லாதது உள்ளதை உள்ளபடி காட்டும். முதலில் மேல்கீழ் பாருங்கள். இறகில்லாதது கீழே குத்தினால் நாண் முடிச்சை இறக்க வேண்டும், மேலே குத்தினால் ஏற்ற வேண்டும். அது சரியான பிறகு இடம்வலம். வலக்கைக்காரருக்கு இறகில்லாதது இடப்பக்கம் போனால் அம்பு விறைப்பு, வலப்பக்கம் போனால் தளர்வு. அதிகாலையில் காற்றில்லாத நேரத்தில் எய்யுங்கள். உங்களுக்குச் சந்தை நேரம் அது, தெரியும். சந்தை இல்லாத நாளைப் பாருங்கள்; முடியாவிட்டால் காற்று வராத ஏதாவது கிட்டங்கிக்குள் எய்யுங்கள்.

இப்போது 400 என்ற எண். 28 அங்குல இடைவெளியில் அம்பைத் தாங்க வைத்து நடுவில் 880 கிராம் தொங்கவிட்டால் எத்தனை அங்குலம் வளைகிறதோ அந்தக் கணக்குதான் ஸ்பைன். 400 என்றால் 0.4 அங்குலம், 600 என்றால் 0.6. எண் கூடக் கூடத் தளர்வு. லிம்பில் எழுதியிருக்கும் 40 பவுண்டு 28 அங்குலம் இழுத்தால் மட்டும். உங்கள் இழுப்பு எவ்வளவு? நீங்கள் முழுதாக இழுத்து நிற்கும்போது, பிடியின் ஆழமான இடத்துக்கு நேரே அம்பில் யாரையாவது கோடு போடச் சொல்லுங்கள். அம்பின் பின்முனைப் பள்ளத்திலிருந்து அந்தக் கோடு வரை அளந்து ஒன்றே முக்கால் அங்குலம் கூட்டினால் கிடைப்பது உங்கள் இழுப்பு. பிறகு மீன்காரர்கள் வைத்திருக்கும் கொக்கித் தராசை நாணில் மாட்டி, அதே அளவுக்கு இழுத்து எடை பாருங்கள். அந்தப் பவுண்டுக்குத்தான் அம்பு தேட வேண்டும்.

நாணுக்குத் தேன்மெழுகு தேய்க்க மறக்காதீர்கள். மார்த்தாண்டத்தில் தேனீ வளர்க்கிற யாரிடமும் கிடைக்கும். நடுவில் நூல் சுற்றிய இடத்தை விட்டுவிட்டு மற்ற இடத்தில் தேய்த்து, விரலால் சூடு வர உருவினால் போதும்.

ஒவ்வொரு நாளும் எய்வதற்கு முன் கார்பன் அம்பைக் காதருகில் வைத்து லேசாக வளைத்துப் பாருங்கள். நெரிகிற சத்தம் கேட்டால் அதை உடைத்துப் போட்டுவிடுங்கள். விரிசல் விட்ட அம்பு நாணிலிருந்து கிளம்பும்போது முறிந்து கையைக் குத்தும். சாக்குக்குப் பின்னால் வழி இருக்கிறதா என்றும் பாருங்கள். தவறிய அம்பு 100 மீட்டரைத் தாண்டியும் போகும்.

சுசீந்திரம் வில்லிசை:

எங்கள் வீட்டில் வில்லுப்பாட்டுதான் தொழில். அம்பு விடும் வில் எனக்குத் தெரியாது. ஆனால் குலசேகரம் தம்பி காதால் கேளுங்கள் என்று எழுதியதைப் படித்ததும் மனசு நிறைந்தது, அதனால் ஒரு வார்த்தை.

எங்கள் வில்லைக் குடத்தின் மேல் கிடத்தி வீசுகோலால் நாணை அடிப்போம். கோயில் கொடை விழாவுக்குப் போய் உட்கார்ந்ததும் பாட்டு தொடங்குவதற்கு முன் ஒரு தட்டு தட்டினாலே நாண் தளர்ந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். மழை ஈரத்தில் தோல் நாண் தளரும். அளவுகோல் எடுத்து யாரும் அளப்பதில்லை, தினம் கேட்டுக் கேட்டுக் காது பழகியிருக்கும். நீங்களும் எய்வதற்கு முன் விரலால் நாணை ஒருமுறை சுண்டிக் கேளுங்கள் தம்பி. நேற்றுக் கேட்ட குரல் இல்லையென்றால் அப்போது எடுத்து அளங்கள்.

தோவாளைப் பூக்காரன்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லாருக்கும் நன்றி.

பிரேஸ் ஹைட் 7 அங்குலம்தான் இருந்தது. முறுக்கு ஏற்றி ஏற்றி ஏழே முக்காலில் சத்தம் அடங்கியது. என் மனைவி அடுக்களையிலிருந்து "என்ன, இன்றைக்கு எய்யவில்லையா?" என்று கேட்டாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். முழங்கையில் நாண் அடிப்பதும் நின்றுவிட்டது.

இழுப்பு 26 அரை அங்குலம். மீன் தராசில் பதினாறரைக் கிலோ, அதாவது 36 பவுண்டு. பறவை இறகு ஒட்டியதும் வாலாட்டம் பாதி குறைந்தது. ஆனாலும் இறகில்லாத 400 அம்பு இடப்பக்கம் ஒன்றரைச் சாண் தள்ளியே போனது. முனையின் எடையை 100 கிரெயினிலிருந்து (அம்பு முனையை நிறுக்கும் சின்ன எடை அளவு) 200 ஆக்கியும் ஒரு சாண் மிச்சம். அதனால் 600 ஸ்பைனில் இரண்டே இரண்டு அம்பு வாங்கி, வெட்டாமல் முழு நீளத்தில் 125 கிரெயின் முனை போட்டு எய்தேன். இப்போது இறகில்லாதது வலப்பக்கம் நாலு விரல் போகிறது. வெட்டலாமா?

குலசேகரம் பால்வெட்டு:

வலப்பக்கம் என்றால் கொஞ்சம் தளர்வு, வெட்டினால் விறைப்பு ஏறும். சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள் அண்ணாச்சி. ஆனால் வெட்டியதை ஒட்ட முடியாது. அதற்கு முன்னால் முனையை 100 கிரெயின் ஆக்கிப் பாருங்கள், அதுவும் விறைப்பைக் கூட்டும். அதிலேயே நேரானால் வெட்டவே வேண்டாம்.

வெட்டத்தான் வேண்டும் என்றால் முனைப்பக்கம் கால் அங்குலம் மட்டும். ஆக்சா பிளேடு வேண்டாம், நார் பிய்ந்துவிடும். வேகமாகச் சுழலும் கட்டர் உள்ள பட்டறையில் கொடுத்து, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு நில்லுங்கள், அந்தத் தூள் நெஞ்சுக்கு ஆகாது. முனையை உருகும் பசையில் ஒட்டுங்கள். திரும்பக் கழற்ற வேண்டுமானால் முனையை மட்டும் சூடு காட்டுங்கள், கார்பனில் தீ படக்கூடாது. இறகுள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று, இரண்டையும் ஒரே நீளத்துக்கு வெட்டி எய்து பார்த்து நோட்டில் எழுதிய பிறகு அடுத்த கால் அங்குலம். இரண்டும் ஒரு கையகலத்துக்குள் சேர்ந்து குத்தினால் நிறுத்திவிட்டு, அதே நீளத்தில் மிச்சம் நாலு அம்பு வாங்குங்கள்.