ஸ்டென்ட்: கால் தமனிக்கு எந்தச் சொல்?

அடைபட்ட தமனியை (இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுபோகும் குழாயை) உள்ளே பலூன் ஊதி விரித்தபின், அது திறந்தே இருக்க வைக்கும் கம்பி வலைதான் ஸ்டென்ட். அதற்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம்.

> "முட்டுவலை" என்று வைக்கலாம். சாயும் சுவருக்கு முட்டுக் கொடுப்பதுபோல் தமனிச் சுவரை உள்ளிருந்து நிறுத்துகிறது. "உள்குழாய்" பொருந்தாது.

உள்குழாய் பொருந்தாது என்பதில் எனக்கும் உடன்பாடுதான். குழாய் என்றதும், அடைபட்ட தமனியை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றைப் பதித்ததாகவே கேட்பவர் நினைப்பார். இங்கே தமனி அப்படியே இருக்கிறது. பலூன் நெருக்கிய படிவும் சுவரோரம் அங்கேயேதான் இருக்கிறது. சுவர் மறுபடி சுருங்காமலும், பிளந்த உட்படலம் மடிந்து வழியை மறிக்காமலும் பிடித்துக்கொள்கிற கம்பி வலை மட்டுமே புதிது. ஆகவே "வலை" நிற்கட்டும்.

"முட்டு"தான் இடிக்கிறது. முட்டுக்கட்டை, மூச்சுமுட்டல் என்று அது தடையையும் குறிக்கும். அடைப்பை நீக்கும் பொருளுக்கு அது ஆகாது. பல ஊர்களில் முட்டு என்றால் முழங்கால். "முட்டுவலை வைத்தார்கள்" என்பது "முட்டு வலி" என்று காதில் விழும். இதயத்துக்கு வைப்பதானால் பரவாயில்லை, காலுக்கு வைப்பதில் இந்தக் குழப்பம் ஆபத்து. முழங்காலுக்குப் பின்னால் ஓடும் தமனி மடங்கி நிமிர்வதால், கூடிய மட்டும் அங்கே ஸ்டென்டைத் தவிர்க்கவே பார்ப்பார்கள்.

என் பரிந்துரை "தாங்குவலை". "தாங்கி" என்று மட்டும் வைத்தால் பொறியியலில் பேரிங்குக்கு வழங்கும் சொல்லோடு மோதும்.

அடைமொழிகளையும் இப்போதே முடிவு செய்துவிடுவது நல்லது. இடுப்புத் தமனியில் பெரும்பாலும் பலூன்விரி தாங்குவலை (பலூன் ஊதி விரிப்பது): துருப்பிடிக்கா எஃகு அல்லது கோபால்ட் குரோமியம், வைத்த இடத்தில் துல்லியமாக நிற்கும். தொடைத் தமனியோ நடக்க நடக்க முறுக்கி, நீண்டு, குறுகும். தசையும் வெளியிலிருந்து அழுத்தும். பலூன்விரி வகை அங்கே நசுங்கினால் நசுங்கியதுதான். அதனால் நிட்டினாலில் (நசுங்கினாலும் பழைய வடிவுக்கு மீளும் நிக்கல்-டைட்டானியக் கலவையில்) செய்த, தானே விரியும் தன்விரி தாங்குவலை. தமனி 5 மி.மீ. என்றால் வலை 6 மி.மீ. எடுப்பார்கள்; அந்த ஒரு மில்லிமீட்டர் மிகைதான் அதைச் சுவரோடு ஒட்டவைக்கிறது. பிறகு உள்ளே ஊதும் பலூன் மட்டும் 5 மி.மீ.தான்.

"உறை" என்ற சொல்லில் கவனம் வேண்டும். தன்விரி வலை ஓர் உறைக்குள் ஒடுங்கியே உள்ளே போகிறது. உள்தண்டை அசையாமல் பிடித்துக்கொண்டு உறையைப் பின்னுக்கு இழுக்க, வலை முனையிலிருந்து மலர்கிறது. தண்டு வெளியே தொய்ந்து வளைந்திருந்தால் இழுக்கும் விசையில் அது நிமிர்ந்து, வலை முன்னே துள்ளிவிடும், அவசரப்பட்டாலும் அப்படியே. செயல்முறைக் குறிப்பில் "உறையை மெதுவாக இழு" என்று எழுதும்போது, மென்படலம் மூடிய வகையையும் "உறையிட்ட வலை" என்றால் படிப்பவர் எந்த உறையை இழுப்பார்? அதைப் "போர்த்திய தாங்குவலை" என்போம்.

கம்பி ஒடிவதற்கு "வலைமுறிவு". இரண்டு வலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடம் விறைப்பாகிவிடும்; அதன் ஓரத்தில்தான் வளைவு விசை குவியும். மாதங்கள் கழித்து உட்படலத் திசு வளர்ந்து உள்ளே அடைப்பதற்கு "வலையுள் மீளடைப்பு".

---

> என் பரிந்துரை "தாங்குவலை".

"முட்டுவலை"யைத் திரும்பப் பெறுகிறேன். முழங்கால் பொருளை நான் எண்ணவில்லை.

இன்னும் ஒன்று பாக்கி. "மருந்து பூசிய தாங்குவலை" என்று பொதுவாக எழுதிவிடுகிறோம். பலூனுக்கு "பூசிய" சரி: சில நிமிடம் சுவரில் அழுந்தி, திசு வளர்ச்சியைத் தடுக்கும் பாக்லிடாக்சல் மருந்தை ஒட்டிவிட்டு வெளியே வந்துவிடுகிறது. உள்ளேயே தங்கி, மருந்தை நாள்பட விடுவிக்கும் வலைக்கு அது போதாது. "மருந்துகசி தாங்குவலை" எப்படி?

---

"கசி" வேண்டாம். தமனி என்றாலே கசிவு இரத்தப்போக்கை நினைவூட்டும். "மருந்துவிடு தாங்குவலை" என்று வைத்துக்கொள்ளலாம்.